காலிக் குழிகளை நிரப்பிய வாரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தக்காளி நாற்றைப் பார்த்தாலே எனக்கு இப்போதெல்லாம் அலுப்பாக இருக்கிறது. தில்லியில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையின் நாற்றுப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டினேன். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, கையில் ஒரு தொட்டிச் செடியையும் கொடுத்து அனுப்பினார்கள். அதை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தேன். மறதி என்று நான் சொல்கிறேன், வேண்டுமென்றே விட்டாய் என்று என் கணவர் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நாற்று வளர்க்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், அறைக்குள்ளேயே விதை போட்டு உறுதியான தக்காளி நாற்று எடுப்பது எப்படி என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். விளக்கை எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது, எத்தனையாவது நாள் உரம் கொடுப்பது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் என்னைவிடத் தெளிவாக இருக்கிறது. நான் எழுதுவதானால் செய்த தப்புகளைப் பற்றித்தான் எழுத முடியும். அந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் ஏராளம்.

சேர்ந்த புதிதில், உயரமாக வளர்ந்தால் அது நல்ல நாற்று என்று நினைத்திருந்தேன். யமுனைக் கரையில் குத்தகை நிலத்தில் காய்கறி போடும் ஒருவர் எங்களிடம் நாற்று வாங்க வந்தார். நான் பெருமையாக ஒரு தட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். எல்லாம் ஒரு சாண் உயரம், பச்சைப் பசேல் என்று இருந்தன. அவர் குனிந்து வாயால் ஒருமுறை ஊதினார். தட்டு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இதை நட்டால் ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஓர் ஆள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், என் வீட்டில் அவ்வளவு பேர் இல்லை என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு போய்விட்டார். ஒரு வாரம் அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம். பிறகு அவர் ஊதியதைத்தான் நானும் செய்ய ஆரம்பித்தேன். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது இன்றும் குறையாக இருக்கிறது. நாற்றின் தண்டு தடித்திருக்க வேண்டும், அதற்கு வெளிச்சம் பக்கத்தில் இருக்க வேண்டும், அறை கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்க வேண்டும். உள்ளங்கையால் தினமும் நுனியைத் தடவிக் கொடுத்தால், காற்றில் ஆடிய செடி மாதிரி திடமாகும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நான் செய்த காரியத்தைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

தில்லிக் குளிரில் நம் ஊர்க்காரர்கள் மட்டும் செய்யும் ஒரு தப்பு உண்டு. நமக்குக் குளிர்கிறதே, செடிக்கும் குளிராதா என்று நினைத்துவிடுவோம். நவம்பர் பிறந்தால் நான் இரண்டு ஸ்வெட்டர், அதற்குமேல் சால்வை, காலில் சாக்ஸ் போட்டு அதன்மேல் செருப்பு என்ற கோலத்தில்தான் வேலைக்குப் போவேன். சரோஜினி நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிரே இருந்த பஞ்சாபிப் பெண்மணி, காலையில் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே பால்கனிக்கு வருவார். இப்படிக் குளிருக்கு நடுங்குகிற என்னைப் போன்ற ஒருத்தி கையில் ஓர் அறையையும் ஹீட்டரையும் கொடுத்தால் என்ன செய்வாள்? செடிகளுக்கும் போர்த்திவிட்டேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். டிசம்பரில் விதை போட்டு, பிப்ரவரியில் நாற்றை நிலத்துக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். வெளியே பனி கொட்டுகிற மாதங்கள் என்பதால் எல்லாம் ஓர் அறைக்குள்தான் நடக்கும். பழைய ஸ்டோர் ரூமில் இரும்பு அடுக்குகள் போட்டு, டியூப் லைட்டுகளைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தோம். விளக்கு அறை என்று சொல்வோம். அங்கே என்னோடு வேலை செய்தவர் பாக்கியம். தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் குடியிருந்தார், ஊர் விழுப்புரம் பக்கம். தினக்கூலி ஆள். மாதா மாதம் அவர் பெயரைக் கூலிப் பட்டியலில் எழுதினால்தான் அடுத்த மாதம் அவருக்கு வேலை. அவரைப் போல நாற்றை இடம் மாற்றி வைக்க எனக்கு வராது, அந்தப் பண்ணையில் யாருக்கும் வராது. முளைக்கும்போது முதலில் விரிகிற விதையிலை மண்ணைத் தொடுகிற அளவுக்கு ஆழமாக இறக்கி, இரண்டு விரலால் ஒரு அழுத்து அழுத்துவார். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போன இடத்திலெல்லாம் வேர் விடும் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த டிசம்பரில் கதிரேசன் என்ற ஆராய்ச்சி மாணவர் தன் விதைகளை என்னிடம் கொண்டுவந்தார். திருநெல்வேலிக்காரர். முனிர்காவில் ஒரு வாடகை அறையில் தங்கியிருந்தார். அதிகம் பேச மாட்டார். தில்லியில் மே மாத வெயில் வந்தால் தக்காளிப் பூ எல்லாம் உதிர்ந்துவிடும், காய் பிடிக்காது. ஒரு வருடம் வயலில் எல்லாச் செடியும் பூவை உதிர்த்து நின்றபோது ஒரே ஒரு செடி மட்டும் காய்த்திருந்ததை அவர் பார்த்தார். அதிலிருந்து விதை எடுத்து, மறுபடி போட்டு, அதில் நன்றாகக் காய்த்ததை மட்டும் எடுத்து, இப்படி மூன்று வருடம் ஓட்டியிருந்தார். இனி ஒரு பருவம்தான் பாக்கி. தன்னுடைய தக்காளியையும், அது எந்தச் சாதாரண ரகத்திலிருந்து வந்ததோ அந்த ரகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் நட்டு, மே மாதம் எது காய்க்கிறது என்று காட்ட வேண்டும். அந்தக் கோடையோடு அவருடைய உதவித்தொகையும் முடிகிறது.

இரண்டு தட்டுக்குத்தான் அவரிடம் விதை இருந்தது. கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எதுக்கு, எல்லாத்தையும் போடுங்க, நான் பாத்துக்கறேன் என்று சொன்னவள் நான். அவர் பொட்டலத்தைத் தட்டித் தட்டி, குழிக்கு ஒன்றாகக் கடைசி விதைவரை போட்டார். பக்கத்திலேயே சாதாரண ரகத்தையும் இரண்டு தட்டில் போட்டோம். முளைத்து வந்தபோது இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. தட்டில் சொருகிய அட்டையைப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும்.

பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போனார். போன மறுநாளிலிருந்து மூடுபனி, பத்து நாள் சூரியனே இல்லை. எனக்கு விரல் விறைத்துப் போயிற்று. ஹீட்டரைக் கூட்டி வைத்தேன். தட்டுகளுக்கு மேல் பாலிதீன் தாளைப் போர்த்தி, ஓரங்களைச் செருகிவிட்டேன். திறந்து வைக்கலாமே, உள்ளே வேர்த்துக் கொட்டுகிறதே என்று பாக்கியம் இரண்டு தடவை சொன்னார். குளிர் தாங்காது, இருக்கட்டும் என்றேன். சனிக்கிழமை தாளை எடுத்தபோது, கதிரேசனின் தட்டுகளில் மட்டும் முப்பது நாற்பது நாற்று அடித்தண்டு அழுகிப் படுத்திருந்தது. மீதி, வேர்த்த தாளுக்கடியில் வெளிச்சம் போதாமல் நூல் மாதிரி நெட்டையாக வளர்ந்திருந்தது. நாற்றழுகலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முந்தின நாள் நின்ற செடி மறுநாள் காலையில் படுத்திருக்கும். அதற்கு மருந்து என்று பார்த்தால் நாம் முந்தின வாரம் செய்திருக்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலை மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பிரிவைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்காகத்தான் சனிக்கிழமை விடுமுறையிலும் எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பொறுப்பதிகாரி காலையிலிருந்து நாலு தடவை வந்து எட்டிப் பார்த்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்றா, பெயர்ப்பலகை துடைத்தாயிற்றா என்று கேட்டுவிட்டு, கடைசியாக அந்தத் தட்டுகளைக் காட்டி, இது என்ன வழுக்கை விழுந்திருக்கிறது என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பாக்கியத்தைக் கூப்பிட்டு, காலிக் குழிகளையெல்லாம் நிரப்பச் சொன்னேன்.

"எந்தத் தட்டுலருந்தும்மா எடுக்கறது?"

"பக்கத்துத் தட்டுலேந்து எடுத்து வை. ஜல்தி."

இதை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நாற்றங்காலில் இருப்பவர்களுக்குக் காலிக் குழியை நிரப்புவது தினசரி வேலை. ஒரே ரகம் பத்துத் தட்டு இருந்தால், ஒன்றில் செத்ததற்கு இன்னொன்றிலிருந்து எடுத்து வைப்போம். யோசிக்கவே மாட்டோம். அன்றும் நான் யோசிக்கவில்லை. பாக்கியத்துக்குப் படிக்க வராது, அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டியது என் வேலை. அவர் கேட்டது சரியான கேள்வி. நான்தான் கேள்வியைக் காதில் வாங்காமல் பதில் சொன்னேன்.

திங்கட்கிழமை பெரிய அதிகாரி வந்தார். விளக்கு அறையில் இரண்டு நிமிடம் நின்றார். நிறைந்திருந்த தட்டுகளைப் பார்த்து அச்சா, அச்சா என்றார். போட்டோ எடுத்தார்கள். எங்கள் பொறுப்பதிகாரி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவர்கள் சமோசா சாப்பிடப் போன பிறகு நான் அறையை ஒழுங்கு செய்ய வந்தேன். அடுக்கின் பின்பக்கம் தள்ளி வைத்திருந்த சாதாரண ரகத்தின் தட்டில் வரிசை வரிசையாகக் குழிகள் காலியாக இருந்தன. ஏன் காலி என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்து முதலில் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது யாருக்கும் தெரியவே வராது என்று நினைத்தேன். மே மாதம் வயலில் கதிரேசனின் வரிசையில் சில செடிகள் பூவை உதிர்க்கும். உன் ரகம் இன்னும் நிலைக்கவில்லை, கலந்து கலந்து வருகிறது என்று அவருடைய பேராசிரியர் சொல்வார். அவரும் நம்பிவிடுவார். தன் கண் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு என்று நினைத்துக்கொள்வார். விளக்கு அறையில் நடந்ததை யாரும் தேடி வர மாட்டார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவதாகத்தான் அந்தத் தட்டுகளை ஒழுங்காகப் பார்த்தேன். விதை போட்ட இடத்திலேயே முளைத்தவை நெட்டையாக நின்றன. பாக்கியம் வைத்தவை, ஆழமாக இறக்கியதால், குட்டையாக, விதையிலை மண்ணை ஒட்டி உட்கார்ந்திருந்தன. எது அவருடையது, எது வந்து கலந்தது என்று எண்ணி எடுத்துவிடலாம். கால் மணி நேர வேலை. ஒரு கட்டு தென்னங்குச்சி இருந்தால் குட்டையானவற்றுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தாலே போதும்.

குத்தவில்லை. குச்சி எதற்கு என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். வந்த அதிகாரி பாராட்டிவிட்டுப் போன அன்றே பொறுப்பதிகாரியிடம் போய் அந்தத் தட்டு பொய்த் தட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளை சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை கதிரேசன் ஊரிலிருந்து வந்து இறங்கியவர், பையைக்கூட அறையில் வைக்காமல் நேராக வந்தார். தட்டுகள் முன்னால் குனிந்து வெகுநேரம் நின்றார். நெட்டையாக இருப்பதைப் பார்த்து முகம் சுருங்கியது. நடுநடுவே இருந்த குட்டைகளை, சாய்ந்ததை நாங்கள் ஆழமாக வைத்தது என்று நினைத்திருப்பார். ஆனாலும் ஒரு குழிகூடக் காலியில்லாததைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். எல்லாம் பிழைச்சிட்டா மேடம் என்று கேட்டார். தட்டு நிறைஞ்சுதானே இருக்கு என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். ஊரில் அம்மா எப்படி இருக்கிறார், ரயிலில் குளிர் எப்படி என்றெல்லாம் விசாரித்தேன். வழக்கமாக நான் யாரையும் அவ்வளவு விசாரிப்பவள் இல்லை.

புதன்கிழமை தலைவலி என்று லீவு போட்டேன். தலைவலி இல்லை. வீட்டில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, எப்படிச் சொல்வது, முதலில் யாரிடம் சொல்வது என்று நாள் முழுக்க ஒத்திகை பார்த்தேன். சாயங்காலத்துக்குள் ஒரு வழியாக மனதைத் தேற்றிக்கொண்டேன். வியாழக்கிழமை காலை முதல் வேலையாகக் கதிரேசனை அழைத்துவந்து, இரண்டு பேருமாகக் குட்டைகளைப் பொறுக்கி எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். திட்டுவார், திட்டட்டும். ஆனால் அவருடைய செடிகள் அவருக்கு மிஞ்சும். அன்று நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை விளக்கு அறைக்குள் நுழைந்தால் தட்டுகளைக் காணோம். அடுக்கில் கறுப்புப் பாலிதீன் பைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நாற்று, எல்லாம் விதையிலைவரை மண்ணுக்குள். எல்லாம் ஒரே உயரம். நாற்று நெட்டையாகிவிட்டால் பெரிய பைக்கு மாற்றி, தண்டை ஆழமாகப் புதைக்க வேண்டும், அதுதான் அதைக் காப்பாற்றும் வழி. கரும்பலகையில் முந்தின வாரமே நான்தான் எழுதி, பாக்கியத்துக்குச் சொல்லியும் வைத்திருந்தேன், புதன்கிழமை எல்லாவற்றையும் பைக்கு மாற்றுவது என்று. அதை மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிவந்தேன். இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. லீவு போட எத்தனையோ நாள் இருந்தது.

முந்தின நாள் ஒரே மூச்சில் இரண்டு தட்டையும் முடித்துவிட்ட சந்தோஷத்தில் பாக்கியம், பைகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஒண்ணுகூட ஒடியலைம்மா என்றார். கலந்தது எது என்று இதில் பார்த்தால் தெரியுமா என்று கேட்டேன். எதும்மா கலந்தது என்று திருப்பிக் கேட்டார். அப்போதுதான் அவருக்கே விஷயத்தைச் சொன்னேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு பையாகத் தூக்கிப் பார்த்தார். எந்த வரிசையில் ஆரம்பித்தோம் என்று யோசித்தார். கடைசியில் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மண்ணு போட்டிருக்க மாட்டனேம்மா."

கதிரேசனிடம் நானே போய்ச் சொன்னேன். வயலில் நின்றுகொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். குரல் உயரவில்லை. எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமை மத்தியானம் என்றேன். என் செருப்பைப் பார்த்தபடி சொன்னார்.

"அப்பம் நான் செவ்வாக்கிழம வந்தப்ப உங்களுக்குத் தெரியும்."

ஆமாம் என்றேன். 

பொறுப்பதிகாரி நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். தினக்கூலி ஆள் தெரியாமல் கலந்துவிட்டது என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள், அடுத்த மாதம் பட்டியலில் அந்தப் பெயர் இருக்காது, விஷயம் முடிந்தது என்றார். நானும் எழுத உட்கார்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. முதல் வரி எழுதியும் விட்டேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, நான் சொல்லித்தான் நடந்தது என்று வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு மெமோ வந்தது. என்னோடு சேர்ந்தவர்களுக்கு வந்த பதவி உயர்வு எனக்கு வரச் சில வருடங்கள் ஆயின. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. திங்கட்கிழமை பேச வேண்டியதை வியாழக்கிழமை பேசியவளுக்கு இதெல்லாம் மலிவுதான்.

அந்த நாற்றுகள் நன்றாகவே தேறின என்பதுதான் வயிற்றெரிச்சல். ஹீட்டரை அணைத்தேன், தாளைத் தூக்கிப் போட்டேன், விளக்கைச் சாண் உயரத்துக்கு இறக்கினேன், காலையும் மாலையும் தடவிக் கொடுத்தோம். பிப்ரவரியில் வயலுக்குப் போனபோது யார் ஊதினாலும் அசையாத தண்டு. எல்லாமே திடமான செடிகள். எது யாருடையது என்றுதான் தெரியவில்லை.

மே மாதம் வந்தது. அவருடைய வரிசைகளில் சில செடிகள் காய்த்தன, சில பூவை உதிர்த்தன. உதிர்த்ததெல்லாம் கலந்தது என்று வைத்துக்கொண்டு, அவற்றைக் கழித்துவிட்டு எழுதலாமே என்று நான் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். என் செடியிலும் ஒன்றிரண்டு உதிர்த்திருக்கலாம் அல்லவா, எனக்குப் பிடிக்காததையெல்லாம் உங்களுடையது என்று தள்ளிவிட்டால் நான் சோதித்ததாக ஆகாதே என்றார். பேராசிரியரும் அதையே சொன்னார். அந்தப் பருவம் செல்லாது, மறுபடி செய் என்றார். கதிரேசன் காய்த்த செடி ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனிப் பொட்டலத்தில் எடுத்து வைத்துக்கொண்டார். உதவித்தொகை நின்றது. முனிர்காவிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, அதே அறையில் இன்னொரு வருடம் இருந்தார்.

அடுத்த டிசம்பரில் நான் அவருக்காக விளக்கு அறையில் ஓர் அடுக்கைத் தனியாக ஒதுக்கி வைத்தேன். தட்டுகளைக் கொதிநீரில் கழுவி வைத்தேன். அட்டைகளில் பெரிய எழுத்தில் எழுதுவதற்கு ஒரு தடித்த பேனாவும் வாங்கினேன். முதல் வாரம் போயிற்று, இரண்டாவது வாரமும் போயிற்று. அவர் வரவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்தபோது பாக்கியம்தான் சொன்னார். கதிரேசன் அவரைப் பார்க்க மதராசி கேம்ப்புக்கே போயிருக்கிறார். நாற்றை எப்படி ஆழமாக வைப்பது என்று கேட்டு, இரண்டு விரலால் அழுத்துவதைப் பழகிக்கொண்டு, பண்ணை தூக்கிப் போட்ட ஓட்டைத் தட்டுகள் இருந்தால் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார். விதையைத் தன் அறையிலேயே போட்டுவிட்டாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முனிர்காவுக்குப் போனேன். அவர் முகவரியைப் பாக்கியம் சொல்லியிருந்தாலும் அந்தச் சந்துகளில் நாலு பேரிடம் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். மூன்றாவது மாடியில் ஒரே அறை, இரண்டு கட்டில். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். கதிரேசன் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, கட்டிலிலிருந்த புத்தகங்களை ஒதுக்கி உட்காரச் சொன்னார். ஸ்டவ்வைப் பற்ற வைத்து டீ போட்டார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. இன்னொரு கட்டிலில் மெத்தையைச் சுருட்டிவிட்டுப் பலகை மேல் தட்டுகளை வைத்திருந்தார். அறை நண்பர் தரையில்தான் படுக்கிறார் போலிருக்கிறது. எல்லாக் குழிக்கும் பக்கத்தில் ஒரு தீக்குச்சி, ஒவ்வொரு தீக்குச்சியிலும் ஒரு துண்டுக் காகிதம், அதில் எண்.

நாற்றுகள் நன்றாக இல்லை. டியூப் லைட் சுவரின் உச்சியில் இருந்தது. எல்லாம் அதைப் பார்த்து வெளுத்து, நீண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. தண்ணீரும் அதிகம். இன்னும் நாலு நாள் இப்படியே விட்டால் என் தட்டுகளில் நடந்ததே இங்கேயும் நடக்கும் என்று பார்த்த உடனே தெரிந்தது. விளக்கை இறக்கிக் கட்ட வேண்டும், மண்ணைக் காய விட வேண்டும், பகலில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். நடுவில் சந்தேகம் கேட்டார். நான் விளக்கினேன். கொஞ்ச நேரம் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதைப் போல இருந்தது. விளக்கு அறையில் ஓர் அடுக்கு காலியாக இருக்கிறது, இதையெல்லாம் அங்கேயே கொண்டுவந்து வைத்துவிடலாமே என்றேன். பார்க்கலாம் மேடம் என்றார்.

ஓரத்தில் ஒரு நாற்று தலை சாய்ந்து குழிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அழுகல் இல்லை, சும்மா சாய்ந்ததுதான். எடுத்துக் கொஞ்சம் ஆழமாக வைத்தால் பிழைத்துவிடும். கட்டிலைவிட்டு எழுந்து கையை நீட்டினேன். கதிரேசன் அவசரமே இல்லாமல் எனக்கும் தட்டுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"நீங்க சொல்லுங்க மேடம். நான் வைக்கேன்."

நான் மறுபடி உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, எப்படி எடுக்க வேண்டும், எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் வைத்தார்.